ஆட்டுக்குப் பிறந்தநாள்

எங்கள் ஊரில் ஒருவருடைய பிறந்தநாளை மறந்துவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதனால்தான் எல்லா வீட்டிலும் பிறந்தநாள் நாட்காட்டி ஒன்று தொங்கும். எங்கே தெரியுமா? கழிப்பறையில்! கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நேர் எதிரே சுவரில் இருக்கும். அங்கே வேறு என்ன வேலை? அதைத்தான் பார்த்தாக வேண்டும். தினமும் பார்த்தால் எப்படி மறக்கும்?

எங்கள் வீட்டு நாட்காட்டியில் முப்பத்தேழு பெயர்கள் இருந்தன. மாமா, சித்தி, பால்காரர், பாதிரியார் எல்லோரும் உண்டு. அம்மாவோடு சண்டை போட்ட பெரியம்மாவின் பெயர்கூட உண்டு. பேச்சு இல்லாவிட்டாலும் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை போய்விடும்.

ஒரே ஒரு பெயர்தான் இல்லை. அது லேவியின் பெயர்.

லேவி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தான். அவன் அங்கே இருப்பது அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். என் பெயர் ரென்ஸ்கே. எனக்கு அப்போது பத்து வயது.

அது 1944ஆம் வருடம். ஜெர்மன் படை எங்கள் நெதர்லாந்தைப் பிடித்து நான்கு வருடம் ஆகப்போகிறது. லேவி யூதப் பையன். யூதர்களைக் கண்டாலே ஜெர்மன் அதிகாரிகளுக்கு ஆகாது. முதலில், யூதர்கள் பூங்காவுக்குப் போகக் கூடாது என்றார்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது, சைக்கிள் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்கச் சொன்னார்கள். கடைசியில் குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

லேவியின் அப்பா அப்படிப் போனவர்தான். அம்மா வேறு ஏதோ ஊரில், வேறு யார் வீட்டிலோ ஒளிந்திருந்தார். எங்கே என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒளிந்திருப்பவர்களைப் பிடித்தால், ஒளித்து வைத்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகவே பேசுவோம், மெதுவாகவே நடப்போம்.

லேவி மட்டும் மெதுவாகச் சிரிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. சிரிப்பு வந்தால் தலையணையை எடுத்து வாயில் அமுக்கிக்கொள்வான்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவரும் பரணில் உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல் அவன்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

"நாளன்னிக்கு எனக்குப் பொறந்தநாள். ஒன்பது முடியுது," என்றான் திடீரென்று. "உங்க அம்மாகிட்ட சொல்லிடாத."

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னா கேக் பண்ணணும்னு நினைப்பாங்க. வீட்ல மாவு கிடையாது. அதுக்கு அவங்க வருத்தப்படுவாங்க. அவங்களப் பார்த்து நான் வருத்தப்படணும். எதுக்கு இந்த வம்பு? நீ காயை நகர்த்து."

நான் காயை நகர்த்தினேன். ஆனால் மனசே கேட்கவில்லை. பால்காரருக்குப் பிறந்தநாள் உண்டு, பேசாத பெரியம்மாவுக்கும் உண்டு. இவனுக்கு மட்டும் இல்லையா?

கீழே இறங்கிப் போனேன். கழிப்பறைக் கதவைச் சாத்தினேன். மார்ச் 14 என்று போட்டிருந்த கோட்டில் பென்சிலால் சின்னதாக எழுதினேன்: லேவி.

எழுதி முடித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஆனால் நான் செய்தது வடிகட்டின முட்டாள்தனம் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹார்ம்சன் வந்து நின்றார்.

ஹார்ம்சன் எங்கள் ஊர்க்காரர்தான். ஆனால் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்துகொண்டவர். யார் வீட்டில் எத்தனை ஆடு, எத்தனை கோழி என்று எண்ணி எழுதுவது அவர் வேலை. எண்ணுகிற சாக்கில் வீடு முழுக்கக் கண்ணை மேய விடுவார். யாரையாவது காட்டிக் கொடுத்தால் அவருக்குப் பரிசு உண்டு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

மேலே லேவி ஏணியைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டான்.

"ஆடு ஒண்ணு, கோழி நாலு, சேவல் ஒண்ணு," என்று ஹார்ம்சன் தன் நோட்டில் எழுதினார். பிறகு வயிற்றைத் தடவினார். "வீபே, கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா கையைக் காட்டினார். ஹார்ம்சன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாட்காட்டி! கடவுளே, அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடவுளுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்கும். ஹார்ம்சன் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு இருந்தது.

"வீபே, லேவின்னா யாரு?"

அப்பாவின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. பாவம், நான் எழுதி வைத்தது இரண்டு பேருக்குமே தெரியாது.

"நாளைக்குப் பொறந்தநாள்னு போட்டிருக்கு," என்றார் ஹார்ம்சன். "இந்த ஊர்ல யாருக்கு என்னிக்குப் பொறந்தநாள்னு எனக்கு அத்துப்படி. எனக்குத் தெரியாத லேவி யாரு?"

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து "மே..." என்று ஒரு சத்தம் வந்தது.

"எங்க ஆடுங்க!" என்றேன் நான்.

ஹார்ம்சன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆடா?"

"ஆமாங்க ஐயா. லேவிங்கறது எங்க ஆடு. நான்தான் அதோட பேரை எழுதி வெச்சேன். பாவம், அதுக்கும் ஆசை இருக்காதா?"

"அது யூதப் பேராச்சே."

"வேதாகமத்துல இருக்கற பேருங்க. தினம் சாப்பிட்டதும் அப்பா வாசிப்பாரு, அதுலேருந்துதான் எடுத்தோம். எங்க சேவல் பேரு சாலொமோன்."

அந்த நிமிஷம் வரைக்கும் எங்கள் சேவலுக்குப் பெயரே கிடையாது.

"லேவி ஆம்பளப் பேரு," என்றார் ஹார்ம்சன். விடுகிற மாதிரி இல்லை. "உங்க ஆடு பால் கறக்குதே?"

"பொறந்தப்போ நாங்க சரியாப் பார்க்கலைங்க," என்றேன்.

அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. அவர் திரும்பி நின்று இருமினார்.

ஹார்ம்சன் நோட்டை மூடினார். "அப்படியா சங்கதி! பொறந்தநாள்னு தெரிஞ்சப்புறம் வராம இருந்தா மரியாதை இல்லையே. நாளைக்கு நாலு மணிக்கு வரேன், வாழ்த்துச் சொல்ல. ஆட்டுக்குப் பொறந்தநாள் கொண்டாடற வீட்ட நான் பார்த்ததே இல்ல. கொண்டாட்டம் நடக்கலைன்னா, அடுத்த தடவை நான் தனியா வர மாட்டேன்."

அவர் போனதும் அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

"என்னாலதான்... அவனுக்குப் பொறந்தநாள்னு... நான்தான் எழுதினேன்..."

அப்பா திட்டவில்லை. என் தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். "இன்னிக்கே பையனை வேற எங்கயாவது அனுப்பிடணும்."

"எங்க அனுப்புவீங்க?" என்றார் அம்மா. "அந்த ஆளு தெருக்கோடியிலேயே நின்னு பார்த்துக்கிட்டிருக்காரு. வாசலைத் தாண்டினா பிடிச்சிடுவாரு."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "அனுப்ப வேணாம்பா. கொண்டாடிடலாம்."

"எதை?"

"ஆட்டோட பொறந்தநாளை! நிஜமான பொறந்தநாள் மாதிரியே. நாற்காலி, காப்பி, கேக், தெருக்காரங்க எல்லாரும் வரணும். எல்லாரும் வந்து வாழ்த்துச் சொன்னா அது ஆட்டோட பொறந்தநாள்தானே?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கொல்லையில் நின்ற ஆட்டைப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார். "பொண்ணு சொல்றது சரி."

"தெருக்காரங்க எல்லாருமா?" என்று அம்மா பதறினார். "அப்போ டீனாவையும் கூப்பிடணுமே! அவ காதுல ஒரு விஷயம் விழுந்தா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி!"

டீனா அத்தை பக்கத்து வீடு. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யாரோடு சண்டை எல்லாம் அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு ஹார்ம்சனைவிட டீனா அத்தையிடம்தான் பயம் அதிகம். ஆனால் பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? அதைவிடப் பெரிய சந்தேகம் வேறு வேண்டுமா?

நான் வீடு வீடாகப் போனேன். "நாளைக்கு எங்க ஆட்டுக்குப் பொறந்தநாள். நாலு மணிக்கு வந்துடுங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்கள். ஆனால் பிறந்தநாள் என்று சொன்னால் எங்கள் ஊரில் வரமாட்டேன் என்று சொல்ல வாய் வராது. எல்லோரும் சரி என்றார்கள்.

டீனா அத்தை மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டுக்கு எத்தனை வயசு ஆகுது?"

"ஒன்பது," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒன்பதா? நல்ல வயசுதான்," என்றார் அத்தை. வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது.

பரணுக்குப் போய் லேவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். என் மேல் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தான்.

"எனக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே வருதா?"

"உனக்கில்ல, ஆட்டுக்கு."

"சரி, ஆட்டுக்கு. நான் இந்தப் பலகை ஓட்டை வழியாப் பார்த்துக்கறேன். மூச்சு விட மாட்டேன்."

மறுநாள் அம்மா உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் வைத்து ஏதோ மாயம் செய்து ஒரு கேக் பண்ணினார். பார்க்கச் செங்கல் மாதிரி இருந்தது. ஆனால் அது கேக்தான். முன்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். பிறந்தநாள்காரர் உட்காரும் நாற்காலியில் காகித மாலை கட்ட வேண்டும். பழைய செய்தித்தாளை வெட்டி, பீட்ரூட் சாற்றில் நனைத்துச் சிவப்பு மாலை செய்தேன். ஆட்டைக் குளிப்பாட்டி, கழுத்தில் என் ரிப்பனைக் கட்டிவிட்டேன்.

நான்கு மணிக்கு வீடு நிரம்பிவிட்டது. எங்கள் வழக்கப்படி, பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும்.

"ஆட்டுக்கு வாழ்த்துகள், வீபே!"

"உங்க ஆட்டுக்காக வாழ்த்துகள், அம்மா!"

"பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வாழ்த்துகள், டீனா!"

எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். போர் தொடங்கியதிலிருந்து எங்கள் தெரு இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆடு தன் நாற்காலியின் முன்னால் நின்று காகித மாலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

அப்போது ஹார்ம்சன் உள்ளே வந்தார். சிரிப்பு சட்டென்று அடங்கியது.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வட்டமாக நாற்காலிகள், சிக்கரிக் காப்பி, செங்கல் கேக். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வேறு வழியில்லாமல் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, பொறந்தநாள்காரருக்குக் கை கொடுக்கலையே?" என்றேன்.

ஊரே அவரைப் பார்த்தது. பிறந்தநாள் வீட்டில் அதைச் செய்யாதவர் மனிதரே இல்லை. ஹார்ம்சனின் காது சிவந்தது. குனிந்து ஆட்டின் முன்னங்காலைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார்.

"வாழ்த்துகள்," என்று முணுமுணுத்தார்.

"பேரைச் சொல்லி வாழ்த்தணும்," என்றார் டீனா அத்தை. "எல்லாரும் எழுந்திருங்க!"

எல்லோரும் எழுந்து நின்றோம். ஹார்ம்சனும் எழுந்தார்.

"லேவி நெடுங்காலம் வாழணும்!" என்றார் அப்பா.

"லேவி நெடுங்காலம் வாழணும்!" என்றது தெரு முழுவதும். ஹார்ம்சனின் வாயும் அசைந்தது. நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க ஐயா, ஆட்டுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றார் டீனா அத்தை.

"லேவி நெடுங்காலம் வாழணும்!" என்று கத்தினார் ஹார்ம்சன்.

பிறகு எல்லோரும் கைகளை மேலே தூக்கி மூன்று தடவை முழங்கினோம். "ஹுர்ரா! ஹுர்ரா! ஹுர்ரா!"

"ஹுர்ரா!"

நான்காவது ஹுர்ரா! மெல்லிய குரலில், மேலேயிருந்து வந்தது.

மூச்சு விட மாட்டேன் என்று சொன்னவன், சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டான்!

ஹார்ம்சன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஹுர்ரா!" என்று மறுபடி ஒரு கீச்சுக் குரல் கேட்டது. இந்தத் தடவை அது டீனா அத்தையின் வாயிலிருந்து வந்தது. அவர் தொண்டையைத் தடவிக்கொண்டார். "அடக் கொடுமையே, என் குரலைக் கேட்டீங்களா? சளி பிடிச்சு, நேத்துலேருந்து பொடிப்பையன் மாதிரி கீச்சுக் கீச்சுன்னு வருது. சில நேரம் மேலேயிருந்து வர்ற மாதிரி எனக்கே இருக்கு. ஹுர்ரா! பாருங்க, ஹுர்ரா! இன்னும் ஒரு தடவை சொல்லட்டுமா ஐயா?"

"வேணாம், வேணாம்!" என்று ஹார்ம்சன் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, மாலையைத் தின்று முடித்த ஆடு அவர் நாற்காலியில் வைத்திருந்த நோட்டைக் கவ்வியது. அவர் இழுக்க, அது இழுக்க, நான்கு பக்கம் அதன் வாயோடு போயிற்று. தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹார்ம்சன் மிச்ச நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"சரியான பைத்தியக்கார வீடு! பைத்தியக்காரத் தெரு!" என்று கத்திவிட்டுப் போனார். போகிற வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. பைத்தியக்காரர்கள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகப் புறப்பட்ட டீனா அத்தை, துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார்.

"ஆட்டுக்கு. நானே பின்னினது. ராத்திரியெல்லாம் குளிருமில்ல?"

"டீனா... நீங்க..." என்று அம்மா தடுமாறினார்.

"நான் எதையும் பார்க்கலை, கேட்கலை," என்றார் அத்தை. "உங்க ஆட்டுத் தொட்டியில நாலு பேர் தின்ன உருளைக்கிழங்குத் தோல் கிடக்குதேன்னு ஆறு மாசமா யார்கிட்டயும் நான் சொல்லலையே. அப்படித்தான் இதுவும்." தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்கே தண்டோரா போடுகிற டீனா அத்தை! அம்மா கதவில் சாய்ந்துகொண்டு அழுதார், சிரித்தார். இரண்டும் ஒரே நேரத்தில்.

நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினேன். லேவி முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டிருந்தான். ஹுர்ரா சொன்னதற்கு அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், சிரிப்பு!

"கேட்டியா ரென்ஸ்கே? அந்த ஆளே சொன்னாரு! நான் நெடுங்காலம் வாழணுமாம்! அதுவும் கத்திச் சொன்னாரு!"

"நீயும்தான் கத்தின, மடையா! எங்க உயிரே போயிடுச்சு. இந்தா, உனக்குப் பரிசு வந்திருக்கு."

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே நீலக் கம்பளிக் கையுறைகள் இருந்தன. போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு விரலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

"இது ஆட்டுக்கா பின்னினாங்க?" என்று கேட்டான். "ஆட்டுக்கு நாலு கால் இருக்கே. இதுல ரெண்டுதானே இருக்கு?"

"டீனா அத்தைக்கு எல்லாம் சரியா எண்ணத் தெரியும்," என்றேன்.

லேவி கையுறை போட்ட இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

அடுத்த வருடம் ஏப்ரலில் எங்கள் ஊர் விடுதலை அடைந்தது. லேவி பட்டப்பகலில் வாசல் வழியாக வெளியே ஓடினான். ஒரு மாதம் கழித்து அவன் அம்மா தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். விடுதலை வரைக்கும் மாதம் தவறாமல், "இது ஆட்டுக்கு" என்று டீனா அத்தையிடமிருந்து ஒரு பொட்டலம் வந்துகொண்டே இருந்தது.

உங்கள் ஊர் ஆடுகள் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் ஆடு அந்த ஒரு வருடத்தில் பதினோரு கதைப் புத்தகங்கள் படித்து முடித்தது.